ஒரு குக்கர் போதும்: வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு நெல்லைச் சமையல்

நெல்லைச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தேங்காய்ப்பால் சொதியும் அவியலும் அல்வாவும்தான் ஞாபகத்துக்கு வரும். மூன்றும் கல்யாண வீட்டுச் சங்கதி. தவசுப்பிள்ளையும் (சமையல்காரர்) காய் நறுக்க ஏழெட்டுக் கைகளுமாக ஆக்குப்புரையில் நடக்கிற வேலை. அதைப் பார்த்து மலைத்துப்போய், வண்ணார்பேட்டையில் பரோட்டா பார்சல் கட்டிக்கொண்டு அறைக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அன்றாடம் வீட்டில் ஆக்குகிற சாப்பாடு வேறு. நாற்று நட வயலுக்குப் போன வீடுகளும், பீடி சுற்றி அன்றன்றைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய வீடுகளும் உள்ள சீமை இது. அடுப்படியில் மணிக்கணக்காக நிற்க அங்கே யாருக்கு நேரம்? கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, துவையல், பொடி என்று அந்த வீடுகள் ஆக்கியதெல்லாம் இன்றைக்கு ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்களுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். சோறும் குழம்பும் வெஞ்சனமும் (தொடுகறி) ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். கழுவுவதற்கும் ஒரே பாத்திரம்தான்.

பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர், புதிதாகக் கல்யாணமாகிப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அரிசி களையத் தெரிந்தால் போதும்.

நேரத்தைத் தின்பது அடுப்பு இல்லை. சோறு வேக இருபது நிமிஷம்தான் ஆகும். வெங்காயம் உரிப்பது, தேங்காய் திருவுவது, புளியை ஊறவைத்துக் கரைப்பது, இதற்கெல்லாம் மேலாக 'இன்றைக்கு என்ன ஆக்க' என்று பிரிட்ஜைத் திறந்து நின்று யோசிப்பது, இவைதான் தின்னும். இவற்றை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால், மற்ற நாட்களில் அரை மணியில் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடலாம்.

சாமான்களும் அளவும்

இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் குக்கர், நாலு பேர் என்றால் ஐந்து லிட்டர். சின்ன ஜார் உள்ள மிக்ஸி, ஓர் இரும்புச் சட்டி, ஒரு தோசைக்கல். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். கீழே 'கப்' என்று வருமிடமெல்லாம் 200 மில்லி டம்ளர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளரைப் பிடித்தால் கணக்குத் தப்பாது. ஒரு கப் அரிசி வைத்தால் இரண்டு பேர் வயிறார உண்ணலாம்.

காய்க்கு மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நேரம் தாண்டினால் முருங்கைக்காய் முற்றியதாகவும் கத்தரி வாடியதாகவும்தான் மிஞ்சியிருக்கும். பலசரக்கை அண்ணாச்சி கடையில் வாங்குவது நல்லது. ஐம்பது கிராம் வெந்தயம் கேட்டாலும் நிறுத்துத் தருவார். கிலோ பாக்கெட் வாங்கி வண்டு விழுந்து கொட்ட வேண்டியதில்லை. உளுந்து வாங்கும்போது இரண்டு வகையும் கேளுங்கள்: மாவுக்கு உருட்டு உளுந்து, சோற்றுக்கும் பொடிக்கும் கறுப்புத் தொலி உளுந்து. மிளகாய் வத்தல், எள்ளு, காணம் (கொள்ளு), சீரகம், பெருங்காயம், தாளிக்கிற வடகம், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், இவை வீட்டில் இருந்தால் எந்த ராத்திரியும் பட்டினி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

முதல் வேலையாகக் கால் கிலோ சின்ன வெங்காயத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுங்கள். பத்து நிமிஷத்தில் தொலி தளர்ந்து கையோடு வந்துவிடும். உரித்ததை ஈரம் போகத் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். ஈரம் இருந்தால் இரண்டாம் நாளே வழவழத்துவிடும்.

வெங்காயம் ஊறும்போதே இரண்டு தேங்காயை உடைத்துத் திருவி, அரைக் கப் அரைக் கப்பாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீஸருக்குள் வையுங்கள். ஒட்டுமொத்தமாக ஒரே டப்பாவில் அடைத்துவிட்டால் அப்புறம் கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டிவரும். ஒரு மாசம் வரை கெடாது. அரைக்கும்போது கொஞ்சம் சூடான தண்ணீர் ஊற்றினால் பனி விட்டு இளகிவிடும்.

அடுத்தது புளி. நூறு கிராம் புளியைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டு, ஆறியபின் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் சுண்டக் காய்ச்சிக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வையுங்கள். பச்சை வாடை இப்போதே போய்விடும். வேலை நாளில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றினால் குழம்பு நீண்ட நேரம் கொதிக்கவேண்டிய அவசியம் இல்லை. ஈரக் கரண்டி போடாமல் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும்.

கடைசியாகப் பொடி. இதற்கு மட்டும் அவசரம் கூடாது. ஒரு கப் தொலி உளுந்து, கால் கப் கடலைப்பருப்பு, கால் கப் கறுப்பு எள்ளு, பதினைந்து வத்தல், நெல்லிக்காயளவு கட்டிப் பெருங்காயம், தேவைக்குக் கல்லுப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் பருப்பு வறுபடுவதற்குள் எள்ளு கருகிக் கசந்துவிடும். அதனால் தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும். எண்ணெய் ஊற்ற வேண்டாம், பெருங்காயத்துக்கு மட்டும் ஒரு சொட்டு போதும். தொலி உளுந்து கறுப்பாக இருப்பதால் சிவந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். வாசனை எழும்பியதும் ஒன்றை வாயில் போட்டுக் கடியுங்கள், நறுக்கென்று உடைந்தால் இறக்கிவிடலாம். எள்ளு படபடவென்று பொரிய ஆரம்பித்து, அந்தச் சத்தம் அடங்கப்போகும்போது எடுத்துவிட வேண்டும். எல்லாம் நன்றாக ஆறட்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் ஆவி அடித்துக் கட்டி கட்டியாகிவிடும். பருப்பையும் வத்தலையும் முதலில் கொரகொரப்பாகத் திரித்து, எள்ளைக் கடைசியில் சேர்த்து இரண்டு சுற்று மட்டும் விடுங்கள். கூடச் சுற்றினால் எண்ணெய் விட்டுக் களியாகும். இந்தப் பொடி இட்லி தோசைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுடுசோற்றில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, பக்கத்தில் ஓர் அப்பளம் வைத்தால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது. அப்பளம் கல்லிடைக்குறிச்சியில் இருந்து வந்ததாக இருந்தால் இன்னும் விசேஷம்.

உளுந்தஞ்சோறு

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் ஆக்க வேண்டியது இதைத்தான். காய் நறுக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம், பிசகிப்போக வழியே இல்லை. இடுப்புக்குப் பலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற ஊர் இது.

அரைக் கப் தொலி உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கப் பச்சரிசியோடு சேர்த்துக் களைந்து குக்கரில் போட்டு, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், ஃப்ரீஸரில் இருந்து ஒரு பொட்டலம் தேங்காய், உப்பு, நாலு கப் தண்ணீர் சேர்த்து மூடுங்கள். நடுத்தரத் தீயில் நாலு விசில். பிறகு குக்கர் தானாக அடங்கட்டும். அந்த நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம். புழுங்கலரிசி என்றால் அரை மணி ஊறவைத்து, தண்ணீரை ஒரு கப் கூட்டி, விசிலையும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். உளுந்து நுரைத்துப் பொங்கும். குக்கரில் பாதிக்குமேல் நிரப்பினால் நுரை ஏறி விசில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்குத் தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்தான் ஜோடி. நாலு கரண்டி எள்ளும் நாலு வத்தலும் வறுத்து, கொஞ்சம் தேங்காய், ஒரு பல் பூண்டு, புளிக் கரைசல் ஒரு ஸ்பூன், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் ஆயிற்று. அதற்கும் பொழுதில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்கள் தட்டில் ஒரு துண்டு கருப்பட்டியை நுணுக்கிப் போடுங்கள், மறுபேச்சு இல்லாமல் உள்ளே போகும்.

கூட்டாஞ்சோறு

சாம்பார் சாதத்தைப் போல இருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. சாம்பார்ப் பொடியே கிடையாது. தேங்காயும் சீரகமும் வத்தலும் சேர்த்து அரைத்த பச்சை அரைப்பும், முருங்கைக்கீரையும், கடைசியில் பொரித்துக் கொட்டுகிற வடகமும்தான் இதன் ருசி. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைக் கூட்டாஞ்சோறு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

வேலையின் வரிசை முக்கியம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கப் அரிசியையும் மூன்றில் ஒரு பங்குக் கப் துவரம்பருப்பையும் ஒன்றாகக் களைந்து ஊறப்போட்டுவிட்டுத்தான் உடை மாற்றவே போக வேண்டும். திரும்பி வந்து காய் நறுக்குங்கள்: கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), கேரட், எது இருக்கிறதோ அது, மொத்தம் இரண்டு கப். துண்டுகள் பெரிதாக இருக்கட்டும், சின்னதாக நறுக்கினால் கரைந்துபோகும். நறுக்கி முடிக்கும்போது பருப்பு இருபது நிமிஷம் ஊறியிருக்கும்.

ஒரு பொட்டலம் தேங்காய், ஐந்து வத்தல், ஒரு ஸ்பூன் சீரகம், நாலு சின்ன வெங்காயம், இவற்றை மிக்ஸியில் ஓட்டுங்கள். விழுதாக வேண்டாம், கொஞ்சம் கொரகொரவென்று இருந்தால் நல்லது. அரிசி, பருப்பு, காய், அரைப்பு, மஞ்சள், பெருங்காயம், உப்பு, நாலு கப் தண்ணீர் எல்லாம் குக்கருக்குள். மூன்று விசில்.

புளியை இப்போது ஊற்றாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு வேகாமல் கிடக்கும். குக்கர் அடங்கித் திறந்தபிறகு புளிக் கரைசல் ஒன்றரைக் கரண்டி, ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, தளர்த்த அரைக் கப் கொதிநீர் சேர்த்துக் கிளறி, சிறுதீயில் ஐந்து நிமிஷம் வையுங்கள். புளி ஏற்கெனவே காய்ச்சியதென்பதால் வாடை இருக்காது, கீரையும் பச்சையாகவே இருக்கும். மாங்காய்க் காலத்தில் புளிக்குப் பதில் நாலு துண்டு மாங்காய் போட்டு, இந்த ஐந்து நிமிஷத்தைப் பத்தாக்குங்கள். அது தனி ருசி. அடுப்பின் மறுபக்கத்தில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, வட்டமாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, வடகம் இரண்டு உருண்டை உதிர்த்துப் போட்டுச் சிவக்கப் பொரித்து மேலே கொட்டிவிடுங்கள். ஆற ஆற இறுகும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் தளரவே இருக்கட்டும். மறுநாள் காலையில் இது இன்னும் நன்றாக இருக்கும் என்பவர்கள் கட்சியில்தான் நானும்.

வெஞ்சனமே வேண்டாத ரசச்சோறு

மழைக்கால ராத்திரிகளில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் தூறிக்கொண்டே இருக்கும்போது, ரசமும் காணத்துவையலும் போதும். கால் கப் காணத்தைக் கல் பார்த்து வறுத்து, மூன்று வத்தல், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய், துளி புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரையுங்கள். காணத்தை ஞாயிற்றுக்கிழமையே வறுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ரசத்துக்குப் பருப்பு வேண்டியதில்லை: புளிக் கரைசலில் தண்ணீர் விட்டு, ஒரு தக்காளியைப் பிசைந்து, மிளகு சீரகம் பூண்டைத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கித் தாளித்தால் முடிந்தது. கொதிக்கவிட்டுவிடாதீர்கள்.

சொதி ஆசை

சொதி செய்யாமல் நெல்லையில் இருந்தேன் என்று சொல்ல முடியாதுதான். சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதிதான், கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். ஆனால் அதை வேலை நாளில் தொடாதீர்கள் என்பதே என் யோசனை; விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு வழி இது: கால் கப் பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், முழுச் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீரில் ஒரு விசில் விட்டு, இரண்டாம் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சிறுதீயில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்தபின் கெட்டியான முதல் பாலும் ஒரு ஸ்பூன் இஞ்சிச் சாறும். முதல் பால் கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு அதற்கும் பிறகு, சூடு தணிந்தபின். கூடவே இஞ்சித் துவையல் இருந்தால்தான் அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்கும்.

ராத்திரிப் பலகாரத்துக்கு மாவு

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உருட்டு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊறவைக்க நாலு மணி, பொங்க எட்டு மணி என்பது பொதுக்கணக்கு. சித்திரை வெயிலில் ஐந்து ஆறு மணியிலேயே பாத்திரத்தை விட்டு வழியும். அரைக்க நேரமில்லையென்றால் கடையில் அன்றன்றைக்கு அரைத்த மாவு வாங்குங்கள், முகர்ந்து பார்த்து. முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்து தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. தொட்டுக்கொள்ளத்தான் பொடி இருக்கிறதே.

டப்பாவில் கட்டும்போது

நம் ஊர் வெயிலுக்குத் தேங்காய்ச் சட்னி மத்தியானம் வரை நிற்காது. மதியச் சாப்பாட்டோடு கட்டிக்கொண்டு போவதானால் எள்ளுப் பொடி, வதக்கி அரைத்த துவையல், புளிக்காய்ச்சல் போன்றவை போதும். சோற்றை ஆவி அடங்கியபின் மூடுங்கள். ராத்திரி மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காமல் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் வளர்கிற கிருமி விடுகிற விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஓவன் இல்லாமல் கருப்பட்டி கேக்

மைதாவும் முட்டையும் இல்லாமல், நம் சரக்கிலேயே ஒரு கேக் செய்யலாம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் விற்பது கூடியிருக்கிறது, சீனி கலந்ததும் சேர்த்துத்தான். நல்ல கருப்பட்டி கொஞ்சம் கரிப்பாக இருக்கும். வெறும் இனிப்பாக நாக்கில் கரைந்தால் யோசியுங்கள்.

ஒரு கப் நுணுக்கிய கருப்பட்டியை அரைக் கப் தண்ணீரில் கரைத்து, கொதித்ததும் இறக்கி வடிகட்டுங்கள். அடியில் மண் இருக்கும். இது முழுக்க ஆற வேண்டும், எனவே வேலைக்குக் கிளம்புமுன் காய்ச்சி வைத்துவிட்டால் சாயங்காலம் தயாராக இருக்கும். ஒன்றரைக் கப் கோதுமை மாவு, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் ஆப்ப சோடா, அரை ஸ்பூன் சுக்குப் பொடி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, இவற்றைச் சலித்து ஒரு பாத்திரத்தில் வையுங்கள். இன்னொன்றில் கருப்பட்டிப் பாகு, அரைக் கப் புளித்த தயிர், மூன்றில் ஒரு பங்குக் கப் வாசமில்லாத எண்ணெய்.

இரண்டையும் சேர்க்குமுன் அடுப்பைத் தயார் செய்துவிட வேண்டும். தயிரின் புளிப்பு சோடாவைத் தொட்ட கணத்திலேயே காற்றுக்குமிழி கிளம்பத் தொடங்கிவிடும், கலந்த மாவு காத்திருக்காது. ஓவன் இருந்தால் 180 டிகிரியில் சூடாக்குங்கள். இல்லாதவர்கள் கனத்த பழைய அலுமினியச் சட்டியின் அடியில் ஒரு விரல்கடை கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிஷம் காயவிடுங்கள். குக்கரையே இதற்கு எடுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. தண்ணீரில்லாமல் குக்கரைக் காயவிட்டால் அதன் பாதுகாப்பு வால்வு கெட்டுப்போகும், அதனால் நான் சொல்ல மாட்டேன். நான்ஸ்டிக் பாத்திரமும் கூடாது.

சட்டி காய்ந்ததும் ஈரத்தையும் மாவையும் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். தோசை மாவு மாதிரி அடித்தால் கேக் ரப்பராகிவிடும். எண்ணெய் தடவிய ஏழங்குலத் தட்டில் பாதிக்குச் சற்று மேலாக ஊற்றி, மேலே கொஞ்சம் எள்ளு தூவி உள்ளே வையுங்கள். ஓவனில் முப்பத்தைந்து நாற்பது நிமிஷம், சட்டியில் சிறுதீயில் நாற்பதிலிருந்து ஐம்பது. முதல் அரை மணி மூடியைத் திறக்கவே கூடாது. அப்புறம் ஓர் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். சூட்டோடு வெட்டினால் உதிரும், ஒரு மணி நேரம் ஆறட்டும். வெளியில் இரண்டு நாள், பிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். பிரிட்ஜில் வைத்ததைத் தோசைக்கல்லில் ஒரு புரட்டு புரட்டினால் புதிது போலாகும்.

கேக் கைவந்ததும் அடுத்து தூத்துக்குடி மக்ரூனில் கைவைக்கத் தோன்றும். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும்தானே என்று. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக உலர்த்த வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் பிசுபிசுத்துவிடும். அதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அல்வாவுக்கும் அதே யோசனைதான்: கோதுமைப் பால் எடுத்துக் கிண்டி முடிப்பதற்குள், சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் வாசலுக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்துவிடலாம்.